பத்தாவது ஆள் வரும்வரை

2021 ஏப்ரல் கடைசி வாரம். அம்மாவுக்கு முதல் கொரோனா ஊசி போட, கோபிசெட்டிபாளையம் பக்கம் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊசிக்கு வந்தவர்கள் ஆறு பேர். செவிலியர் இரண்டு முறை வெளியே வந்து தலைகளை எண்ணிவிட்டு உள்ளே போனார். மூன்றாவது முறை வந்தபோது, "இன்னும் நாலு பேர் வந்துட்டா பாட்டிலைத் திறந்துடலாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார்.

கோவிஷீல்டு குப்பி 5 மில்லி. ஓர் ஆளுக்கு அரை மில்லி. ஒரு குப்பிக்குப் பத்துப் பேர். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் வரை மாதக்கணக்கில் தாங்கும். முதல் ஆளுக்கு ஊசியில் ஏற்றிவிட்டால் நான்கு மணி நேரம்தான். அதற்குள் பத்தாவது ஆள் வராவிட்டால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

கேட் பக்கத்தில் ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரைப் பையோடு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். செவிலியர் அவரைப் பார்த்ததும், "ஆத்தா, வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போங்க" என்றார்.

"நான் வேண்டாஞ் சாமி. எனக்குச் சக்கரை இருக்குது. அந்த நடிகர் தம்பிக்கே அப்படி ஆயிப்போச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க ஆத்தா. பாதுகாப்பான ஊசிதான்."

"ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும் அம்மிணி?"

செவிலியருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே போன் அடித்தது, போய்விட்டார். பாட்டியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மதியம் வரை காத்திருந்து ஏழு பேருக்குப் போட்டார்கள். மூன்று பேருக்கான மருந்து வீணானது.

அந்தப் பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் தடுப்பூசி பற்றி மக்கள் என்ன அறிந்திருந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று விளக்க வேண்டுமானால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண்ணும் மனசும்

பொது சுகாதாரத் துறையில் இதற்கென்றே ஒரு வகை ஆய்வு உண்டு. மக்களின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகிய மூன்றையும் கேள்விகள் கேட்டு அளப்பார்கள். நோய் எப்படிப் பரவுகிறது, தடுப்பூசி எத்தனை தவணை, யாருக்குப் போடலாம் என்பவை அறிவுக் கேள்விகள். தடுப்பூசி நல்லது என்று நம்புகிறீர்களா, உங்கள் வீட்டாருக்குப் பரிந்துரைப்பீர்களா என்பவை மனப்பான்மைக் கேள்விகள். போட்டுக்கொண்டீர்களா என்பது நடைமுறை.

படித்தால் மனம் மாறும், மனம் மாறினால் கை நீளும் என்பதுதான் இதன் அடியில் இருக்கும் எண்ணம். பல சமயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பாட்டியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருந்தால், அறிவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார். முகக்கவசம் சரியாக மூக்கை மூடியிருந்தது. ஊசியின் பெயர் தெரிந்திருந்தது. செய்தி பார்த்திருந்தார். இருந்தும் வேண்டாம் என்றார். எங்களோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இது எந்த ஊசி என்பதே தெரியாது. "நர்சம்மா வரச்சொன்னாங்க, வந்தேன்" என்றார். அவர் போட்டுக்கொண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு, கொரோனா வருவதற்கு முன்பே, உலக ஆரோக்கியத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகத் தடுப்பூசித் தயக்கத்தைச் சேர்த்தது. அந்தத் தயக்கத்துக்கு நிபுணர்கள் மூன்று வேர்களைச் சொல்கிறார்கள். ஊசியின் மீதும் அதைத் தருபவர்கள் மீதும் நம்பிக்கை இல்லாதது ஒன்று. நோய் நமக்கு வராது என்ற அசட்டை இன்னொன்று. மூன்றாவது மிகச் சாதாரணமானது: போய்வர வசதி இல்லாதது. கூலி போகும், பஸ் கிடையாது, போனால் 'இருப்பு இல்லை' என்று பலகை மாட்டியிருப்பார்கள். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். அசட்டையாக இருப்பவருக்கும் பயந்துபோனவருக்கும் கூலியை விட முடியாதவருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுத்தால் அது எப்படி வேலை செய்யும்?

தயக்கம் மக்களிடம் மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. 2021 ஜனவரி 16-ஆம் தேதி நாடு முழுவதும் தடுப்பூசி தொடங்கியது. முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்கு. அவர்களிலேயே பலர் முதல் வாரங்களில் வரவில்லை. கோவாக்சினுக்கு ஜனவரி 3-ஆம் தேதி அவசர அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவுகள் வெளியாகியிருக்கவில்லை. தொடக்கத்தில் அதைப் போட்டுக்கொள்கிறவர்களிடம் தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த முடிவுகளின் முதல் பகுதி மார்ச் தொடக்கத்தில்தான் வந்தது. அதுவரை காத்திருந்த மருத்துவரை மூடநம்பிக்கைக்காரர் என்று யாரும் சொல்லமாட்டோம். அதே எச்சரிக்கையைக் கிராமத்துப் பாட்டி காட்டினால் மட்டும் அறியாமை என்று எழுதிவிடுகிறோம். இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

அந்த நடிகர் தம்பி

பாட்டி சொன்னது நடிகர் விவேக்கை. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம், பயப்படாதீர்கள் என்று மக்களுக்குக் காட்டத்தான் அங்கே போனார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். ஏப்ரல் 17 அதிகாலை இறந்துபோனார். வயது 59.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான இடதுபக்கக் குழாயில் நூறு சதவீத அடைப்பு இருந்தது, இது தடுப்பூசியால் வந்ததல்ல என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணனும் உடனே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. சொன்னதெல்லாம் சரி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து டிவியில் அதைக் கேட்டவர் மனதில் ஓடியது வேறு கணக்கு: 'அவருக்கே தெரியாமல் அடைப்பு இருந்திருக்கிறது. அப்படியானால் எனக்கும் இருக்கலாம். ஊசி போட்டால் அது கிளம்பிவிடாதா?' இந்தக் கேள்விக்கு அன்று யாரும் முகம் கொடுக்கவில்லை. 'தடுப்பூசி பாதுகாப்பானது' என்ற பொதுப் பதில் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

அந்தப் பதிலை இப்போதாவது முழுதாகச் சொல்லிப் பார்ப்போம்.

ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது பத்திருபது ஆண்டு வேலை. ஒரே நாளில் அப்படி ஓர் அடைப்பு வளராது. படிந்த கொழுப்பின் மேற்புறம் ஒருநாள் வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை மூடும்போதுதான் மாரடைப்பு வருகிறது. ஆக, அடைப்பு முன்பே இருந்தது என்பதில் சந்தேகமில்லை. கடைசி நிமிடத் தூண்டுதல் ஊசியாக இருக்குமோ என்பதுதான் மிச்சக் கேள்வி. ஒரு மனிதரின் சாவை வைத்துக்கொண்டு மட்டும் அதற்குப் பதில் சொல்வது கடினம். நிறையப் பேரை எண்ணித்தான் சொல்ல முடியும்.

எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏழரைக் கோடிக்கு மேல். பெருந்தொற்று எதுவும் இல்லாத சாதாரண ஆண்டிலும் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஆறு பேர் இறக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறுக்குக் குறையாத சாவுகள். இப்போது 45 வயதைத் தாண்டிய ஒரு லட்சம் பேருக்கு ஒரே நாளில் ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்காரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 15 பேர் இறப்பார்கள் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், லட்சத்துக்கு 1,500. நாளுக்கு நான்கு. ஊசியில் வெறும் தண்ணீர் இருந்தாலும், ஊசியே போடாவிட்டாலும், அந்த லட்சம் பேரில் சிலருக்கு மறுநாள் சாவு நேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். லட்சக்கணக்கான காக்கைகள் லட்சக்கணக்கான மரங்களில் உட்காரும்போது, சில மரங்களில் அந்த நொடியே பழம் விழத்தான் செய்யும்.

இதோடு நிறுத்திவிட்டால் பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார். 'சரி, சில சமயம் காக்கைதான் தள்ளிவிட்டிருந்தால்?' என்பார். அதையும் எண்ணித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஊசி போட்ட கூட்டத்தில் வழக்கமாக விழவேண்டியதைவிடக் கூடுதலாகப் பழம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். இப்படிப் பார்த்துத்தான் ஓர் உண்மையான பாதிப்பு பிடிபட்டது. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின், மிகச் சிலருக்கு, ரத்தத்தட்டணுக்கள் குறைந்து அதே சமயம் ரத்தம் உறைந்தது. 2021 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகள் பல அந்த ஊசியைச் சில நாட்கள் நிறுத்திவைத்து ஆராய்ந்தன. இந்தியாவில் தேசியக் குழு 2021 மே மாதம் சொன்ன கணக்கு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் ரத்த உறைவு சார்ந்த பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன என்பது. பிரிட்டனில் அது பத்து லட்சத்துக்கு 4 என்றும் ஜெர்மனியில் 10 என்றும் அதே அறிவிப்பு குறிப்பிட்டது. நம் ஊரில் பதிவாகாமல் போனவையும் இருக்கலாம். ஜெர்மனியின் எண்ணையே நமக்கும் எடுத்துக்கொண்டாலும் லட்சம் டோஸுக்கு ஒன்று.

ஊசி போடாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. அதையும் தமிழ்நாட்டிலேயே எண்ணினார்கள்.

ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் போலீஸ்காரர்கள்

இரண்டாம் அலையின்போது தெருவில் நின்றவர்கள் போலீஸ்காரர்கள். எல்லோரும் வேலைக்குப் போகும் வயதுக்காரர்கள், எல்லோரும் கூட்டத்தில் புழங்கியவர்கள், எல்லோருடைய கணக்கும் துறையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 1,17,524 காவலர்களின் விவரத்தை எடுத்தார்கள். 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரையான காலம்.

இரண்டு ஊசியும் போட்டவர்கள் 67,673 பேர். அவர்களில் கொரோனாவால் இறந்தவர்கள் 4 பேர். ஓர் ஊசி மட்டும் போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், இறந்தவர்கள் 20. மிகச் சிறிய கூட்டத்தில்தான் மிக அதிகச் சாவு. ஆயிரம் பேருக்கு என்று பிரித்தால் 0.06, 0.21, 1.17. சாவைத் தடுப்பதில் ஓர் ஊசிக்கு 82 சதவீதமும் இரண்டு ஊசிக்கு 95 சதவீதமும் பலன் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊசியால் வரக்கூடிய உறைவு, ஜெர்மனியின் கணக்கில், லட்சம் டோஸுக்கு 1. ஊசி போடாத போலீஸ்காரர்களில் மூன்றரை மாதத்தில் செத்தவர்கள், லட்சத்துக்கு 117 என்ற விகிதத்தில். இரண்டு ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 6. 'ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: ஆகவே ஆகாது என்று யாராலும் சொல்ல முடியாது, போடாவிட்டால் ஆகக்கூடியது நூறு மடங்குக்கு மேல் பெரியது. சர்க்கரை உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்த இடைவெளி இன்னும் கூடும். நடுவயதுப் போலீஸ்காரரைவிட அவரைக் கொரோனா கடுமையாகத் தாக்கும். தொற்று வந்தால் அடுத்த சில வாரங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் தெளிவானது. சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களை வரிசையில் முன்னால் நிறுத்தியதற்கு அதுவே காரணம். 'எனக்குச் சக்கரை இருக்குது, அதனால் வேண்டாம்' என்று பாட்டி சொன்னாரே, அந்தச் சர்க்கரைதான் போட்டுக்கொள்வதற்கான முதல் காரணம். இதை அவரிடம் அன்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

ஊசியை எதிர்ப்பதும் சந்தேகிப்பதும் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப்போடு வந்தவை அல்ல. அம்மை வந்தால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிய மண்ணில்தான், 'அம்மை குத்த' ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டதே பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான். ஆரம்பத்தில் ஓடி ஒளிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் வட்டத் தழும்போடு வளர்ந்தார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கூட்டம் கூட்டமாகப் போடுவதை எதிர்த்தவர் ராஜாஜி. முதலமைச்சராக இருந்து இறங்கியவர். அவர் எதிர்த்தபோது அரசு மருத்துவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டி வந்தது. பின்னாளில் செங்கல்பட்டு வட்டாரத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் அந்த ஊசியைச் சோதித்தார்கள். 1979-இல் வந்த முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசத்தைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம். எதற்குப் பலன், எதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது, கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்த்ததால்தான்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு கிராமங்களில் வீட்டருகே போட்டுவந்த ஊசியை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் வந்தால்தான் ஊசி என்று ஆக்கினார்கள். பயமும் கூடியது, தூரமும் கூடியது. 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் சுமார் 81 சதவீதம். 2015-16 கணக்கெடுப்பில் சுமார் 70. இந்த இறக்கத்துக்குத் திருவள்ளூர் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் போகவேண்டும், மனதில் அந்தச் செய்தியும் இருக்கிறது என்றால், ஒரு தவணை தவறிப்போவது ஆச்சரியமில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் வந்தது. மாநிலத்தில் 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். பள்ளியிலேயே போடுகிறோம் என்றார்கள். பெற்றோரிடம் முன்கூட்டிப் போதுமான அளவு பேசவில்லை. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. காலக்கெடுவை நீட்டித்து நீட்டித்துத்தான் முகாமை முடிக்க வேண்டியிருந்தது. வெற்றிடம் விட்டால் வதந்தி வந்து உட்காரும் என்பது கொரோனா ஊசிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே நம் கண்ணெதிரில் நடந்த பாடம்.

2021-இல் சுற்றிய வதந்திகளில் என் போனுக்கே நான்கைந்து முறை வந்தது ஒன்று: நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லூக் மாண்டனியே, ஊசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள் என்று சொன்னதாக. அவர் தடுப்பூசித் திட்டத்தை விமர்சித்தது உண்மை. இரண்டு ஆண்டு விஷயத்தை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியை அனுப்பியவர் என் சித்தப்பா. என் மீது அக்கறை இருப்பதால் அனுப்பினார். 'பொய்ச் செய்தி' என்று ஒரு வரியில் நான் மறுத்தபோது அவர் முகம் சுருங்கியது. அப்புறம் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசிய பிறகுதான், ஊசியால் குழந்தை பிறக்காமல் போய்விடும் என்று எங்கோ கேட்டதையும், மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்ததையும் சொன்னார். அதுதான் அவர் பயம். மாண்டனியே ஒரு சாக்கு. ஊசியால் கருத்தரிப்பு பாதிக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று சொன்னேன். 2021 ஜூலை 2-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கே ஊசி போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்த பிறகு, அவரே மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அரசுத் தரப்பின் பேச்சிலும் குழப்பம் இருந்தது. கோவிஷீல்டு இரண்டு தவணைக்கு இடையே முதலில் நான்கு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரம் என்றார்கள். மே 13-ஆம் தேதி அதை 12 முதல் 16 வாரமாக ஆக்கினார்கள். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வளர்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருந்தது. அதே நேரத்தில் ஊசித் தட்டுப்பாடும் இருந்தது. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னதால், ஜனங்கள் முதலாவதையும் நம்பவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஞாயிறு போய்ச் சனி வந்தது

2021 மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தெருவுக்கு ஒரு சாவு விழுந்த மாதம் அது. ஏப்ரலில் காலியாக இருந்த நாற்காலிகளுக்கு ஜூனில் விடியற்காலையே டோக்கன் கொடுத்தார்கள். அசட்டை போய்விட்டது, அதைப் போக்கியது எந்த விளம்பரமும் அல்ல, பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ்.

குப்பியின் கணக்கும் தலைகீழானது. தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு குப்பியிலும் ஓரளவு கூடுதலாகவே மருந்து ஊற்றுவார்கள். கைதேர்ந்த செவிலியர் சொட்டு சிந்தாமல் எடுத்தால் பதினோராவது ஆளுக்கும் கிடைக்கும். மே 1 முதல் ஜூலை 13 வரையில் இப்படி மட்டும் 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்டது தமிழ்நாடு. நாட்டிலேயே முதலிடம். ஏப்ரலில் வீணாக்கும் மாநிலம் என்று பேச்சு வாங்கிய அதே மாநிலம்.

பயந்து வந்தவர்கள் போக மிச்சமிருந்தவர்களை வரவழைக்க, ஊசியை அவர்கள் இருக்குமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, முதல் மெகா முகாம். பள்ளி, அங்கன்வாடி, பஸ் ஸ்டாண்டு என்று 40,000 இடங்கள். இலக்கு 20 லட்சம்; போட்டது 28 லட்சத்துக்கும் மேல். தூரத்தைக் குறைத்தால் 'தயக்கம்' என்று நாம் பெயர் வைத்ததில் பெரும் பகுதி கரைந்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் நாள். ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. அசைவத்துக்கும் ஊசிக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி மக்களை மாற்றப் பார்ப்பதைவிட, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். மக்கள் எப்படி வாழ்கிறார்களோ அதற்குள் ஊசிக்கு ஓர் இடம் கண்டுபிடித்த செயல் இது. கோவளம் மீனவர் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பு பிரியாணியும் குலுக்கல் பரிசும் கொடுத்து அழைத்ததும் பேசப்பட்டது. அது கூட்டம் சேர்க்க உதவியிருக்கும். பயந்தவரின் பயத்தைப் பிரியாணி போக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டிக்கு வருகிறேன். நவம்பரில் வீடு வீடாக ஊசி கொண்டுபோகும் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் முதலே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வர ஆரம்பித்திருந்தன. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அதே செவிலியர் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் சர்க்கரை பார்த்தாராம், பிறகு பிரஷர் பார்த்தாராம். "ஆத்தா, ராத்திரி காய்ச்சல் வரும். கை கனத்துப்போகும். ரெண்டு நாள் தோட்டத்துக்குப் போவாதீங்க. பாராசிட்டமால் ரெண்டு வெச்சிருக்கேன். நெஞ்சு வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குப் பையனைக் கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லி, சுவரில் தொங்கிய நாள்காட்டி அட்டையில் தன் போன் எண்ணை எழுதினாராம். ஏப்ரலில் 'ஒண்ணும் ஆகாது' என்றவர், நவம்பரில் என்ன ஆகும் என்று சொன்னார். பாட்டி கையை நீட்டினார்.

இப்போது என்ன

2024-இல் இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. பிரிட்டன் நீதிமன்ற வழக்கொன்றில், தங்கள் ஊசி மிக அரிதாக ரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று அஸ்ட்ராஜெனகா ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. கோவிஷீல்டு அந்த ஊசிதான், புனேயில் தயாரிக்கப்பட்டது. 'மூணு வருஷம் மறைச்சுட்டாங்க' என்று தொலைக்காட்சிகளில் விவாதம். 2021 மார்ச்சிலேயே உலகம் முழுக்கப் பேசப்பட்ட, இந்தியாவிலும் அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட விஷயம் அது. அன்றே ஊருக்குப் புரியும்படி சொல்லப்படாததால், புதிதாக அம்பலமானது போல் தெரிந்தது.

பாட்டியின் மகன் என் அம்மாவிடம் வந்து கேட்டார்: "அக்கா, போட்டவங்களுக்கு இனிமே எதாச்சும் ஆகுமாக்கா?" நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பதில் இது. அந்த உறைவு வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும். ஆண்டுகள் கழித்து வருவதில்லை. உடம்பிலிருந்து எதையும் 'வெளியேற்ற' வேண்டியதில்லை. அதற்கென்று விற்கும் மருந்துகளை வாங்க வேண்டாம். ரத்த உறைவுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம்.

இளைஞர்கள் திடீரென்று இறப்பது பற்றியும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் 47 மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வயது, அதே பகுதியில் உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டது. 2023-இல் முடிவு வந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. கூட்டியவை, முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாராவது அப்படித் திடீரென இறந்திருந்தது, இறப்பதற்குச் சற்று முன் அளவுக்கு மீறிக் குடித்தது அல்லது கடுமையாக உடலை வருத்தியது.

அம்மா இதையெல்லாம் என்னிடம் போனில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். மகன் மறுபடி வந்தபோது படித்துக் காட்டினாராம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கப்பாவும் நாப்பத்திரண்டுல அப்படித்தான் போனாருக்கா" என்றாராம். அடுத்த வாரம் போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வந்தார்.